கூடிப்போன நாற்பத்தொரு மூட்டை

ஒரு மனிதர் மேல் விழுந்த பழி பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நான்கு ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்தப் பழி விழக் காரணமே நான் கணினியில் போடச் சொன்ன ஓர் எண். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகப்போக என்மேல் உங்களுக்கு இரக்கம் ஏதாவது வந்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருளும் நிர்வாக மென்பொருளும் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அனுபவத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எதில் என்ன வசதி, என்ன விலை என்பதை விற்க வருகிறவரே என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் சொல்லாததும் நான் கேட்காததும்தான் என்னிடம் இருக்கின்றன.

வணிகவியலில் முதுகலை படித்தவன் நான். கள்ளக்குறிச்சியில் ஒரு சிறுதானிய நிறுவனத்தில் கடைசிப் பதினைந்து வருடம் அலுவலக மேலாளராக இருந்தேன். சாமை, தினை, கேழ்வரகு மூன்றையும் வாங்கிச் சுத்தம் செய்து, சாமையையும் தினையையும் உமி நீக்கி, பொட்டலம் போட்டுச் சென்னைக்கு அனுப்புவோம். சரக்கு இரண்டு இடங்களிலிருந்து வரும். கீழே சமவெளி விவசாயிகள் கொண்டுவருவதை எங்கள் எடைமேடையில் நிறுத்து வாங்குவோம். மேலே கல்வராயன் மலைச் சிற்றூர்களில் இருந்து வரும் சாமை மட்டும் அளவைக் கணக்கு. முன்பு யாரோ வியாபாரிகள் தராசில் ஏமாற்றினார்களாம். அதனால் அங்கே தராசு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரும்பு மரக்காலில் அவர்களே அளந்து சாக்கில் போடுவார்கள், எங்கள் ஆள் எண்ணிக்கொள்வார். மரக்காலுக்கு இவ்வளவு என்று பணம்.

அந்தச் சரக்கு கீழே வந்து சேர்ந்ததும் கிடங்கில் சவரிமுத்து வாங்கி, ஒரே எடை மூட்டைகளாக மறுபடி கட்டி வைப்பார். வடக்கனந்தல் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இருபது வருடமாகக் கிடங்குச் சாவி அவரிடம்தான் இருந்தது. அவ்வப்போது லாரியோடு மலைக்கும் போய்வருவார். நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம், மலையில் எத்தனை மரக்கால் அளந்தது. வலது பக்கம், கிடங்குத் தராசில் எத்தனை கிலோ நின்றது. அந்த நோட்டை நான் ஒருநாளும் பொருட்படுத்திப் பார்த்ததில்லை. கடைசி வரியில் மொத்தம் இருக்கும், அதை மட்டும் எடுத்துப் பேரேட்டில் ஏற்றிக்கொள்வேன்.

ஒரு பிப்ரவரியில் முதலாளி கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது இளையவர்.

"சார், ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடணும். கணக்கு, ஸ்டாக்கு, சம்பளம், ஜி.எஸ்.டி. எது வாங்கலாம்னு நீங்க முடிவு பண்ணுங்க. படிச்சவரு நீங்கதான்."

படித்தவர் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு எதையும் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று பேர் வந்து செய்து காட்டினார்கள். முதல் ஆளின் மென்பொருளில் எதைத் தொட்டாலும் ஒரு படம் விரிந்தது. வட்டமாக ஒன்று, ஏணிபோல ஒன்று. எங்கள் சாமை அதில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோதே காட்டி முடித்துவிட்டார். இரண்டாவது ஆள், எல்லாம் க்ளவுட்டில் இருக்கும் என்றார். மலையில் மழை பிடித்தால் சிக்னலே கிடைக்காதே, அப்போது என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். அது பட்டிக்காட்டுக் கேள்வியாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன். பிற்பாடு பார்த்தால், நான் கேட்க நினைத்தவற்றிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். மூன்றாவதாக விழுப்புரத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நன்றாகப் பேசினார். லாரி டீசல் முதல் ஊழியர் விடுப்பு வரை அதில் எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றையும் மாட்யூல், மாட்யூல் என்றார். எது சேர்த்தி, எதற்குத் தனியாகப் பணம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். நான் ஆட்ட ஆட்ட அவர் வேகமாகச் சொன்னார்.

மூன்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி ஒப்பிட்டுப் பார்த்தேன். காலையில் முதலாவது நன்றாகத் தெரிந்தது. சாப்பிட்டு வந்து பார்த்தால் மூன்றாவது. இரண்டு நாள் இப்படிக் குழம்பிக் கிடந்துவிட்டு, விழுப்புரத்து இளைஞரையே வரச் சொன்னேன். காரணம் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: அவர் ஒருவர்தான் என்னை மறுகேள்வி கேட்கவில்லை.

ஒப்பந்தத்தன்று மட்டும் இரண்டு கேள்வி கேட்டார்.

"கிடங்குல மறுபடி எடை போட்டு ஏத்தறதுக்குத் தனி மாட்யூல் இருக்கு சார். வேணுமா?"

"வேண்டாம். வாங்கும்போதே அளவை வந்துவிடுகிறதே."

"சரி சார். மரக்கால்னு சொல்றீங்களே, ஒரு மரக்காலுக்கு எத்தினி கிலோன்னு போடறது? ஒரே ஒரு நம்பர் குடுங்க, மிச்சத்த அதுவே பாத்துக்கும்."

எதையும் சோதித்துச் செய்கிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு. கடைத்தெருவிலிருந்து ஓர் இரும்பு மரக்காலை வாங்கிவரச் சொன்னேன். என் மேசைமேல் வைத்து, சாமையைக் கொட்டி, அடிக்கோலால் தலைதட்டி வழித்தேன். மாதிரிச் சரக்கு நிறுக்கும் மின்தராசில் வைத்தேன். நாலு கிலோ. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் நாலு. அந்த எண்ணைப் போடச் சொன்னேன். மலைச்சரக்குக்கும் இனி மரக்கால் விலை கிடையாது, கிலோ விலைதான் என்று அன்றே தீர்மானமாயிற்று. மரக்காலை ஏற்றினால் போதும், மென்பொருள் நாலால் பெருக்கிக் கிலோவாக்கிப் பணத்தைச் சொல்லிவிடும்.

பதினோரு வருடமாக மலைச்சரக்குக்குக் கணக்கு எழுதியவன் நான். அதுவரை ஒருமுறைகூட மலைக்குப் போனதில்லை.

ஐப்பசியில் மலைச் சாமை வரத் தொடங்கியது. இரண்டாவது லோடு வந்த அன்று சவரிமுத்து என் மேசைக்கு வந்தார்.

"சார், எட ஒத்துவரல. கம்ப்யூட்டர் சொல்றதவிட ஜாஸ்தி நிக்குது."

"நீங்கள் இன்னும் அந்த நோட்டை எழுதிக்கொண்டிருக்கிறீர்களா?"

"ஆமா சார். பழக்கம்."

"இரண்டு கணக்கு வைத்தால் குழப்பம்தான் வரும். நோட்டை நிறுத்திவிடுங்கள். மூட்டை கட்டி அடுக்கினால் போதும்."

"ஜாஸ்தி நிக்குதே சார்."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சவரிமுத்து."

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்றோடு எழுதுவதை நிறுத்தினார். பழைய நோட்டுகளையெல்லாம் கட்டி எடைக்குப் போடச் சொன்னதும் நான்தான். அலமாரியில் இடம் வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் வங்கியிலிருந்து கையிருப்பைச் சரிபார்க்க வந்தார்கள். கடன் வாங்கிய நிறுவனங்களில் இப்படி வந்து எண்ணுவது வழக்கம். மென்பொருளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார்கள். சாமையில் நாற்பத்தொரு மூட்டை கூடுதலாக இருந்தது. வங்கிக்காரர் சிரித்துவிட்டார்.

"கொறஞ்சா எழுதறதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இருக்கு. கூடினா எங்க எழுதறதுன்னு தெரியலியே!"

நாங்களும் சிரித்தோம். அவர் கார் வெளியே போனதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. சரக்கு குறைந்திருந்தால் திருட்டு என்று எல்லோருக்கும் விளங்கும். கூடியிருந்தால் என்னவென்று சொல்வது? அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். சவரிமுத்துவின் மைத்துனர் சங்கராபுரத்தில் தானிய வியாபாரம் செய்தார். அந்த மைத்துனரின் சரக்கை நம் கிடங்கில் வைத்து, நம் லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புகிறார் சவரிமுத்து என்பது முதலாளியின் முடிவு.

முதலாளியின் அறையில் மூன்று பேர் இருந்தோம். சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"யாரு மூட்டைப்பா அது?"

"நம்மளுதுதாங்க."

"கம்ப்யூட்டர்ல இல்லியே."

"கம்ப்யூட்டர்ல இல்லன்னா மூட்டயே இல்லன்னு ஆயிடுமாங்க? வந்து தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாத்துட்டுதான் கேக்கறேன். நக்கல் பண்றியா?"

"இல்லீங்க. மலையில கும்பமா அளப்பாங்க. தலதட்ட மாட்டாங்க. அதான் எட கூட நிக்குது. எத்தினியோ வருஷமா அப்பிடித்தான். நோட்டு இருந்தா காமிச்சிருப்பேன்."

"ஓசியில கும்பமா அளந்து குடுக்க அவன் இன்னா இளிச்சவாயனா? எங்க நோட்டு?"

"சார்தான் வேணாம்னுட்டாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி கேட்டார்: "நீங்க இன்னா சார் சொல்றீங்க?"

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'எனக்குத் தெரியாது. மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.' அரைநாள் வேலை. நான் சொன்னது இது: "மரக்காலை நானே மூன்று முறை சோதித்துத்தான் போட்டிருக்கிறேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் சவரிமுத்துவின் வேலை போயிற்று. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். வாசலில் காவலாளி அவர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவர் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து காட்டி, மறுபடி மூடி உள்ளே வைத்துக்கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மாசியில் ஆடிட்டர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். பட்டியலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், கூடுதல் எல்லாம் மலைச்சரக்குலயே இருக்கு. கீழ வாங்கினதுல ஒரு மூட்டைகூட வித்தியாசம் இல்ல. வெளி ஆளோட சரக்குன்னா ரெண்டுலயும் கலந்து இருக்கணுமே? நம்மளோட வாங்குற முறையில ஏதாவது இருக்குமா?"

என்ன அழகான கேள்வி! எனக்கு முன் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். "அந்த ஆளை அனுப்பியாகிவிட்டது அம்மா, பழைய கதை" என்று சொல்லி அடுத்த கோப்பை நகர்த்தினேன். அவர் அந்தக் கோப்பைப் பிரித்துக் குனிந்துகொண்டார். அனுபவம் என்று நம்மிடம் ஒன்று இருக்கிறதே, அது பல சமயம் இப்படிக் கோப்பை நகர்த்தத்தான் உதவுகிறது.

ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் மலையில் எங்கள் ஆளுக்குக் கைக்கணினியில் ஏற்றச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நானே போகிறேன் என்றேன். கச்சிராயபாளையம் வழியாக மேலேறி, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். கடைசிச் சாமை அளந்துகொண்டிருந்தார்கள். பொன்னுசாமி என்கிற விவசாயி மரக்காலில் அள்ளினார். விளிம்பு தெரியாமல் கொட்டினார். அதன்மேல் இரண்டு கையாலும் இன்னும் வாரிப் போட்டார். தானியம் கூம்பாக நின்று, இனி ஒரு மணி போட்டாலும் சரியும் என்கிற வரைக்கும் போட்டார். பிறகு சாக்கில் கவிழ்த்தார்.

"ஏன் தலைதட்டவில்லை?" என்று கேட்டேன்.

"தலதட்டலாங்களா? நெலம் குடுத்தத நாம வழிச்சித் தள்ளனா அடுத்த வருசம் வெள்ளாம எப்பிடி வரும்?"

எங்கள் ஆளிடம் சொல்லி ஒரு கும்ப மரக்காலை ஒரு பையில் வாங்கிக்கொண்டு கீழே வந்து நிறுத்தேன். நாலரை கிலோ.

மறுநாள் காலை முதலாளியிடம் சொல்லிவிடுவது என்றுதான் அலுவலகத்துக்குப் போனேன். அவரே முந்திக்கொண்டார். எனக்கு அறுபது முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்று கடிதமே எடுத்துவைத்திருந்தார். "உங்கள மாதிரி ஆள நான் எங்க சார் போய்த் தேடறது?" என்றார். கடிதத்தை வாங்கிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று என் அறைக்கு வந்தேன். கதவைச் சாத்திவிட்டு, மென்பொருளைத் திறந்து, நாலு என்று இருந்த இடத்தில் நாலரை என்று மாற்றினேன். ஐந்து நொடி வேலை. அடுத்த பருவத்தில் ஒரு மூட்டைகூட வித்தியாசம் வரவில்லை. சவரிமுத்து போனதும் கிடங்கு சரியாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எண்ணைத் திருத்திவிட்டேன். ஆளை அப்படியே விட்டுவிட்டேன். அந்த நாட்களில் என் மனது எப்படி இருந்தது என்று விளக்க எனக்கு இப்போதும் தெரியவில்லை. ஒருநாள் அவர் குற்றவாளி இல்லை என்பேன். இன்னொரு நாள், அவரும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்பேன். கோயிலுக்குப் போனால் வேண்டுதல் மறந்துவிடும். இரண்டு வருடம் முடிந்து மறுபடியும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள்.

எனக்கு நடந்த பிரிவுபசார விழாவில் முதலாளி சால்வை போட்டார். ஒலிபெருக்கியில் சொன்னார்: "சார் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேர் வந்த மொத வருஷமே ஒரு கள்ளத்தனத்தப் புடிச்சிக் குடுத்துச்சி. இன்னிக்கு நம்ம கிடங்கு சுத்தமா இருக்குன்னா அதுக்கு சார்தான் காரணம்." எல்லோரும் கைதட்டினார்கள். காவலாளியும் கைதட்டினார். வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கக்கூட முடியவில்லை.

அந்த வாரமே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திருகி மூடினார்.

"இப்ப வந்து சொன்னா நான் இன்னா சார் பண்றது? அவரும் தியாகதுருகத்துல மக்காச்சோள மண்டியில நல்லாத்தான் இருக்காராம். வேணும்னா திரும்ப வரச் சொல்லுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

தியாகதுருகம் பஸ் ஏறினேன். மண்டியில் சோளத் தூசிக்கு நடுவே சவரிமுத்து ஒரு லாரியை எண்ணிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எண்ணி முடிக்கும்வரை என்னை நிற்கவைத்தார். பிறகு ஒரு சாக்கைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எப்ப தெரியும் சார் உங்களுக்கு?"

"நீங்கள் போன இரண்டாவது மாதம்."

"ரெண்டாவது மாசம்" என்று சொல்லிக்கொண்டார்.

"முதலாளி உங்களைத் திரும்ப வரச் சொல்கிறார்."

"அந்த வாசல்ல டப்பாவத் தொறந்து காமிச்சிட்டு வந்தவன் சார் நான். மறுபடி அந்த வழியா எப்பிடிப் போறது? வேணாம். எழுதிக் குடுங்க. அது போதும்."

நான் தயாராகக் கொண்டுபோயிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். மென்பொருள் கணக்கீட்டில் ஏற்பட்ட பிழையால் அவர்மீது தவறான ஐயம் எழுந்தது என்று, என் அலுவலக நடையில் எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மிஷின்மேல போட்டிருக்கீங்களே சார். அது இன்னா பண்ணும்? நீங்க குடுத்தத வாங்கிக்கிச்சி. நாளைக்கு யாராவது கேட்டா அது வந்து சாட்சி சொல்லுமா?"

மண்டியில் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதில் எழுதினேன். நாற்பத்தொரு மூட்டை கூடிப்போகக் காரணமான தவறான எண்ணைப் போடச் சொன்னவன் நான், நோட்டை நிறுத்தச் சொன்னவன் நான், உண்மை தெரிந்தும் மறைத்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்று நகல் எடுத்துவரச் சொன்னார். ஒன்று வீட்டுக்கு. ஒன்று பங்குச் சாமியாருக்கு. மூன்றாவதை என்னிடமே நீட்டினார்.

"இத்த நீங்க மலையில போய்ப் படிங்க. நான் அவுங்ககிட்ட ஜாஸ்தி அளந்து புடுங்கிக்கினேன்னு லாரிக்காரன் அங்க சொல்லி வச்சிட்டான். அப்புறம் நான் அந்தப் பக்கமே போவல."

போனேன். பொன்னுசாமி வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் பொன்னுசாமிதான் ஆரம்பித்தார்.

"அவரு எங்கீங்க அளந்தாரு? அளக்கறது நாங்க. அவரு ஏமாத்துனாருன்னு நாங்க நம்பவே இல்ல. கோச்சிக்கினு வராம பூட்டாருன்னு நெனச்சோம்."

கிளம்பலாம் என்று காகிதத்தை மடித்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "நாப்பத்தொரு மூட்ட கூடிப்போச்சின்னு படிச்சீங்களே. அது யாருது?"

"கம்பெனியுடையது" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"கம்பேனி காசு குடுத்த கணக்குக்கு மேலதான கூடிச்சி? அப்ப எங்களுதுதான?"

பக்கத்தில் இருந்த பெண் ஒருவர் சொன்னார்: "அந்த வருசம் பணம் கொறஞ்சி வந்திச்சே. நாங்க வெல கம்மின்னு நெனச்சிக்கினோம்."

முதலாளியின் அறையில் அன்று எழுந்த கேள்வியும் அதுதானே, யார் மூட்டை அது என்று? அதற்குப் பதில் தேடி நாங்கள் சங்கராபுரம் வரை போனோம். நாலரை கிலோவுக்கு நாலு கிலோ பணம் கொடுத்தோம் என்பது, எண்ணை மாற்றிய அன்றுகூட எனக்கு உறைக்கவில்லை. நான்கு வருடமாக நான் சுமந்தது ஒரு தவறு என்று நினைத்திருந்தேன். இரண்டாவது ஒன்று அதற்கடியிலேயே இருந்திருக்கிறது. முதுகலை படித்தவனுக்குத் தெரியாதது, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு தடவை கேட்டதுமே தெரிந்துவிட்டது.

கீழே வந்து மறுபடி முதலாளியைப் பார்த்தேன். அந்த வருடக் கணக்கை முடித்தாகிவிட்டது, இனி எந்தத் தலைப்பில் கொடுப்பது என்றார். அது நியாயமான கேள்விதான். ஆனால் யார் வீட்டிலிருந்து எத்தனை மரக்கால் என்று மென்பொருளில் ஒரு வரி விடாமல் இருந்தது. கேட்டதும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. நான்கு நாள் இழுத்தபின் முதலாளி பாதியை ஒத்துக்கொண்டார், இந்தப் பருவத்து விலையோடு சேர்த்துத் தருவதாக. மறுபாதியை என் பணிக்கொடையிலிருந்து போட்டேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் பங்கை உறைகளில் போட்டு, பெயர் எழுதி, வீடு வீடாகக் கொடுத்தேன். சிலர் வாங்கி எண்ணினார்கள். ஒருவர் எதற்கென்று புரியாமல், தேர்தல் வருகிறதா என்று கேட்டார். இரண்டு குடும்பங்கள் கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. அவர்கள் உறை இரண்டும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சவரிமுத்துவுக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "சரி சார்" என்றார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

"சார், எங்க மண்டிக்காரரு சாஃப்ட்வேர் வாங்கப் போறாரு. நாளைக்கு டெமோ காட்ட ஆளுங்க வராங்க. என்னக் கூட உக்காரச் சொல்லிட்டாரு."

"நான் வேண்டுமானால் வரட்டுமா? பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால்..."

"ஐய, நீங்க வர வேணாம் சார். இன்னா இன்னா கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யார் அளக்கிறார், எப்படி அளக்கிறார் என்று முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதைப் பார்க்காமல் ஓர் எண்ணும் கொடுக்கக் கூடாது என்றேன்.

"அது எனக்குத் தெரியும் சார்" என்றார் சவரிமுத்து. "வேற சொல்லுங்க."